ஆணியில் நின்ற பாறை

அந்த யோசனை எனக்கு ஹைதராபாத்தில், லாலாகுடா ரயில்வே பட்டறையில், ஓர் ஆயுத பூஜை நாளில் வந்தது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் தொழிலாளிகளின் குடும்பங்களை உள்ளே விடுவார்கள். இயந்திரங்களுக்குச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, எல்லோருக்கும் பொரியும் சுண்டலும் கொடுப்பார்கள். அப்பா அங்கே வார்ப்படப் பிரிவில் பேட்டர்ன் செய்கிறவர். இரும்பில் வார்க்க வேண்டிய சாமானை முதலில் மரத்தில் செய்து, அதை மணலில் பதித்து அச்சு எடுப்பார்கள். அந்த மரச் சாமான்தான் பேட்டர்ன். தன் மேஜைமேல் இருந்த ஒன்றை அப்பா எடுத்துக் காட்டினார். பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருந்த ஒரு துண்டைப் பிடித்து இழுத்தார், கையோடு வந்துவிட்டது. திரும்ப வைத்தார், கச்சிதமாக உட்கார்ந்தது. உள்ளே ஒரு சின்ன ஆணி.

"இது லூஸ் பீஸு. மணல்லேர்ந்து பேட்டர்ன எடுக்கறப்போ இது மாட்டிக்கும், அதான் தனியா வெக்கறது. மணல் இடிச்சதும் ஆணிய உருவிடணும் வசந்தா. அப்புறம் மணலே புடிச்சிக்கும். ஆணிய மறந்தேன்னு வெச்சிக்கோ, அச்சு பூரா கிழிஞ்சிடும்."

நான் முதல் பாதியைத்தான் கேட்டேன். வாயில் பொரி, மனசுக்குள் அலுவலக மாடலுக்கு நான் செய்ய வேண்டிய பாறைகள். கழற்றலாம், மாட்டலாம். அவ்வளவு சுலபம். வீட்டுக்குப் போகிற வழியிலேயே அண்ணன் சைக்கிளின் உடைந்த ஸ்போக் கம்பியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஒன்று தோன்றிவிட்டால் மறுநாள் வரை பொறுக்காது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஸ்வாதி. நான் ஓய்வு பெற்ற அலுவலகத்தில் இன்று கட்டிடக்கலைப் பிரிவில் இருக்கிறவள். பழைய ஆட்களிடம் அனுபவக் கட்டுரை கேட்டு வாங்கும் வேலையை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் என்னைக் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டரில் ஒரு மனையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். மரம், மேடு, பாறை எல்லாம் இருந்தது. "பாறை வேணாம்னா ஒரே கிளிக் மேடம், பாருங்க" என்றாள். பாறை போய்விட்டது. அதன்மேல் நின்ற மரம் அந்தரத்தில் அப்படியே நின்றது. அவள் சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு லோத்குண்டா வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் வேலை பார்த்தது ஒரு மத்திய அரசு நிறுவனத்தில். அந்தக் காலத்தில் ஹைதராபாத்தைச் சுற்றி அப்படிப் பல முளைத்தன. பெயர் வேண்டாம், ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிடெக்னிக்கில் வரைபடப் படிப்பு முடித்து டிரேசராகச் சேர்ந்தேன். மற்றவர்கள் பென்சிலில் போட்ட படத்தின்மேல் மெழுகுத்துணியை விரித்து இங்க்கில் நகல் எடுக்கிற வேலை. இரண்டு வருஷம் அதைச் செய்தேன். ஒரு கோடு போட்டுவிட்டு மூன்று தடவை எழுந்து ஜன்னலுக்குப் போவேன். இவளைச் சும்மா உட்கார வைக்க முடியாது என்று யாரோ சொல்லி, என்னை மாடல் ரூமுக்கு மாற்றினார்கள். அலுவலகத்தில் அதற்குப் பெயர் பொம்மை டிபார்ட்மெண்ட். நவராத்திரி வந்தால், கொலுவுக்கு ஏதாவது தேறுமா என்று அக்கவுண்ட்ஸ்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

மாடல் என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வரவேற்பறையில் வைக்கும் பளபளப்பான சாமானை நினைக்காதீர்கள். அது கடைசியில் வருவது. நாங்கள் செய்தது அதற்கு வெகு முன்னால் செய்கிற கச்சா மாடல். யோசிப்பதற்காகச் செய்து, வெட்டி, ஒட்டி, கடைசியில் குப்பையில் போடுவது. முதலில் நிலம். சர்வே படத்தில் சம உயரக் கோடுகள் வளைந்து வளைந்து போகும். ஒவ்வொரு கோட்டுக்கும் ஓர் அட்டையை அதே வளைவில் வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனால் மேடு எழும்பும். எங்கள் அளவு இருநூறில் ஒன்று. தரையில் அரை மீட்டர் உயர்ந்தால் மாடலில் ஓர் அட்டை. கட்டிடங்களுக்கு மரக்கட்டைகள், அவற்றை மட்டும் ஒட்டமாட்டோம். தள்ளி, திருப்பி, இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மூர்த்தி சார்தான் தலைமைக் கட்டிடக்கலைஞர். கோதாவரிப் பக்கத்துக்காரர், மெட்ராஸில் படித்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். மாடலை அவர் விரலால் தொட்டு நான் பார்த்ததில்லை. பென்சிலின் ரப்பர் முனையால்தான் கட்டையைத் தள்ளுவார். மேலே நின்று பார்க்கவும் மாட்டார். மேல இருந்து பார்க்கிறது காக்காயும் கலெக்டரும்தான் என்பார். முழங்காலை மடக்கி, மோவாயை மேஜை விளிம்பில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சின்ன நிலத்தில் நிற்கிற மனிதனின் உயரத்திலிருந்து பார்ப்பார். சட்டைப் பையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். அதில் தீக்குச்சி கிடையாது. பிரியாணிக்குப் போடும் நீள அரிசி பத்துப் பதினைந்து மணிகள். எங்கள் அளவில் ஓர் அரிசி கிட்டத்தட்ட ஓர் ஆள். துளி களிமண்ணில் அரிசியை நட்டு, "இவன் ஷிஃப்ட் முடிஞ்சு வரான். எங்கேர்ந்து நிழல்ல நடப்பான், சொல்லு" என்பார். பதில் சரியாக இருந்தால் பாராட்டு எதுவும் வராது. அரிசியை எடுத்து அடுத்த இடத்தில் நடுவார், அவ்வளவுதான்.

நகரத்துக்கு வடக்கே ஊழியர் குடியிருப்புக்கு ஓர் இடம் வாங்கியிருந்தார்கள். ஹைதராபாத் நிலம் எப்படியோ அப்படித்தான் அதுவும்: பாறைமேல் பாறை. பெரும்பாலானவை சின்னவை, யாருக்கும் தொந்தரவில்லை. மேட்டின் நடுவில் மட்டும் இரண்டு. மேலே யானை அளவுக்கு உருண்டையாக ஒன்று. சரிவில் அதற்குக் கீழே பாதி மண்ணுக்குள் புதைந்து இன்னொன்று. பாறைகளோடு ஒரு மாடல், இல்லாமல் ஒரு மாடல், இரண்டும் வேண்டும் என்றார் சார். இரண்டு வாரமாக ஒரே மேட்டை இரண்டு தடவை அட்டையில் வெட்டிக்கொண்டு எரிச்சலில் இருந்தேன். அந்தச் சமயத்தில்தான் பட்டறையில் அப்பா அந்தத் துண்டைக் கழற்றிக் காட்டினார்.

பாறையைச் செய்வதற்கு முன்னால் நேரில் போய் அளவெடுக்க வேண்டும். நான் போனபோது அங்கே கல் உடைக்கிற ஒரு குழு ஏற்கெனவே குடிசை போட்டிருந்தது. அஸ்திவாரத்துக்கு ஜல்லி உடைக்க காண்டிராக்டர் கொண்டுவந்த ஆட்கள். குழுவின் தலைவர் எல்லய்யா, நாற்பது வயதிருக்கும். மனைவி மல்லம்மா உடைத்த கல்லைக் கூடையில் சுமக்கிறவர். நான் டேப்பை வைத்துக்கொண்டு பாறையைச் சுற்றிச் சுற்றித் தடுமாறுவதைப் பார்த்துவிட்டு எல்லய்யா மறுமுனையைப் பிடிக்க வந்தார். பிறகு அவராகவே சுத்தியலை எடுத்து மேல்பாறையைத் தட்டினார், ணங் என்றது. கீழ்ப்பாறையைத் தட்டினார், சத்தம் உள்ளேயே அமுங்கியது. என் உள்ளங்கையைக் கீழ்ப்பாறையின்மேல் வைக்கச் சொன்னார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தெலுங்கில் சொன்னதை அப்படியே தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"பைதி கிந்ததானி ஒள்ளோ கூசுன்னதி."

மேலே இருப்பது கீழே இருப்பதன் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எடுப்பதானால் மேலே இருப்பதை முதலில் உடைத்து எடுக்க வேண்டும், அதற்கப்புறம்தான் கீழே கை வைக்கலாம் என்றும் சொன்னார். அதையும் எழுதினேன். பெண்பிள்ளை நின்றுகொண்டே எழுதுவது அவருக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். நாங்க பேசறதைக்கூடப் படிச்சவங்க எழுதறாங்க என்று மல்லம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். மல்லம்மா கூடையை இறக்காமலே வந்து, என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் பாறைகளை வார்த்தேன். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செங்கல்பொடியும் விளக்குக்கரியும் கலந்தால் நம் ஊர்ப் பாறையின் நிறம் வரும். மேல்பாறை நெல்லிக்காய் அளவு, கீழ்ப்பாறை கோலிக்குண்டு அளவு. இரண்டிலும் ஈரம் காய்வதற்குள் ஸ்போக் கம்பித் துண்டைச் செருகினேன். மேட்டில் அதற்கேற்ற துளைகள் போட்டேன். மாடல் ரூம் தச்சர் காதர் பாய் வந்து பார்த்தார். எங்களோடு பழகி அவருக்கு அரைத் தமிழ் வரும்.

"இது என்னா அம்மா, பல்செட்டா, கழட்டி மாட்றதுக்கு? நக்கோ, வேணாம் அம்மா, வஜ்ஜிரம் போட்டு ஒட்டிடு. கல்லு கல்லா இருக்கட்டும்."

நான் சிரித்தேன். கீழ்ப்பாறையைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மேட்டில் மேல்பாறை ஆடாமல் அசையாமல் நின்றது.

அங்கேதான் தப்பு நடந்தது. முப்பது வருஷம் கழித்துக் கண்டுபிடித்ததல்ல. அந்த நிமிஷமே என் கண்முன்னால் நடந்தது. மடியை எடுத்தாயிற்று, உட்கார்ந்திருந்தது உட்கார்ந்தபடி இருக்கிறது. அதைத் தாங்குவது என் ஸ்போக் கம்பி. நான் பார்த்தது துளை எவ்வளவு சுத்தமாக அமைந்தது என்பதை மட்டும்தான்.

மூர்த்தி சார் மோவாயை விளிம்பில் வைத்துப் பார்த்தார். பென்சில் முனையால் இரண்டு பாறைகளுக்கும் நடுவே காட்டினார்.

"இது ரெண்டும் தொடுதா?"

"தொடுது சார்."

அவர் கேட்டது தொடுகிறதா என்று. நான் சொன்னதும் அதுதான். நோட்டு என் மேஜை டிராயரில் இருந்தது. கீழ்ப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் அரிசியை நட்டுவிட்டு, சரி, டைரக்டரிடம் காட்டலாம் என்றார்.

பெரியவர்களுக்குக் காட்டும்போது அரிசியை எடுத்துவிடுவது எங்கள் வழக்கம். முன்பு ஒரு தடவை ஒரு டைரக்டர், மாடலில் எறும்பு மொய்க்கப்போகிறது என்று சொல்லிவிட்டாராம். அதனால் அன்றைக்குக் காலையில் நானே எல்லா அரிசியையும் பொறுக்கித் தீப்பெட்டியில் போட்டுச் சாரிடம் கொடுத்தேன்.

கூட்டத்தில் எட்டுப் பேர் மேஜையைச் சுற்றி நின்றார்கள், சிவில் எஞ்சினியர்கள் உட்பட. நான் சுவரோரம் நின்றேன். நிதி கொடுத்தவர்கள் இன்னும் ஒரு கட்டிடம் கேட்கிறார்கள், பன்னிரண்டு குடும்பம், எங்கே வைப்பது என்பது பேச்சு. டைரக்டர் மேலேயிருந்து குனிந்து பார்த்தார். கட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடினார். கீழ்ப்பாறை இடித்தது. இரண்டு விரலால் அதைப் பிடித்தார், வந்துவிட்டது. அவரே ஆச்சரியப்பட்டு, நல்ல பேப்பர்வெயிட் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் கட்டையை வைத்தார், பொருந்தியது. மேல்பாறை கட்டிடத்துக்குப் பின்னால் கம்பீரமாக நின்றது. அதை உடைக்க வேண்டாம், அப்படியே வைத்து நிறுவனத்தின் பெயரை அதன்மேல் எழுதலாம் என்றார். இந்த ஏற்பாட்டைச் செய்தது யார் என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார். வெரி கிளெவர், மிஸ் வசந்தா என்றார் டைரக்டர்.

எனக்கு எல்லய்யா சொன்னது ஞாபகம் வந்தது. வரவில்லை என்று எழுதினால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. வந்தது, ஆனால் பாராட்டுக்கு அடுத்தபடியாக வந்தது. அத்தனை எஞ்சினியர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாதா என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பதைப் பின்னால் ஒருவரே சொன்னார்: மாடலில் நின்றதே, ஆர்க்கிடெக்ட் பிரிவு பார்த்துத்தானே செய்திருக்கும்.

டைரக்டர் கீழ்ப்பாறையைத் திரும்ப வைக்கவில்லை. பேசிக்கொண்டே கையோடு எடுத்துப் போய்விட்டார். ஸ்போக் கம்பி நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கோலிக்குண்டை அவர் மேஜையில் காகிதங்களின்மேல் பின்னால் பார்த்தேன்.

வரைபடம் மாறியது. கீழ்ப்பாறைக்குக் குறுக்குக் கோடு, உடைக்க வேண்டியது. மேல்பாறைக்கு வெறும் சுற்றுக் கோடு, இருக்க வேண்டியது. புளூபிரிண்ட் தளத்துக்குப் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

சாரும் நானும் ஜீப்பில் போனோம். கீழ்ப்பாறையில் வரிசையாகத் துளை போட்டு ஆப்பு அடித்திருந்தார்கள். அது பிளந்திருந்தது. மேல்பாறை தன் இடத்திலிருந்து இரண்டு ஆள் தூரம் இறங்கி வந்து, சாய்ந்து, நின்றிருந்தது. எல்லய்யாவின் உடலை எங்களுக்கு முன்பே கொண்டுபோயிருந்தார்கள். அவர் ஒருவர்தான். அன்றைக்குக் காலையிலிருந்தே குழுவில் மற்ற எல்லோரையும் தூரத்துச் சரிவில் ஜல்லி உடைக்க அனுப்பிவிட்டு, இங்கே அவர் மட்டும் ஆப்பு அடித்திருக்கிறார். மல்லம்மா கவிழ்த்த கூடையின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். மூர்த்தி சார் வழக்கம்போல முழங்காலை மடக்கவில்லை, கண்ணை மூடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

விசாரணை நடந்தது. மாடல் ரூமுக்கு ஓர் அதிகாரி வந்து பார்த்தார். அதற்குள் கீழ்ப்பாறை டைரக்டர் மேஜையிலிருந்து திரும்பி வந்து துளையில் உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தார், வைத்தார், மேல்பாறையைப் பார்த்தார், குறித்துக்கொண்டு போனார். என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அறிக்கையோடு இணைக்க வேண்டிய விபத்துப் படத்தை நகல் எடுக்கும் வேலை மட்டும் என்னிடம் வந்தது. அதன் ஓரத்தில் ஒரு குறிப்பை ஸ்டென்சில் எழுத்தில் எழுத வேண்டும். பாறையின் தன்மையை அறியாத தொழிலாளி, மேற்பார்வையாளருக்குத் தெரிவிக்காமல், கவனக்குறைவாக வேலை செய்ததால் நேர்ந்தது. ஆங்கிலத்தில் ஒரு வரிதான். 'அறியாத' என்பதற்கான எழுத்துகளை ஒவ்வொன்றாக இங்க்கில் நிரப்பினேன். அந்த வரியைப் போடும்போது ஒரு தடவைகூட எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை.

முடித்த பிறகு டிராயரிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன். பக்கத்தைத் திறந்து படித்துக் காட்டினேன். தெலுங்கு அவருடைய மொழி, மொழிபெயர்க்கத் தேவையில்லை. அவர் எழுந்து மாடல் ரூமுக்குப் போனார், நானும் பின்னால் போனேன். தீப்பெட்டியை எடுத்து, ஓர் அரிசியைக் கீழ்ப்பாறைக்குப் பக்கத்தில் வைத்தார். நடவில்லை, படுக்க வைத்தார். முதல் தடவையாக மாடலை விரலால் தொட்டார்.

"அவன் சொன்னதை எழுதியிருக்கே. அப்புறம் ஆணி வெச்சிருக்கே. முதல் கேள்வி உன்னைத்தான் கேப்பாங்க. ரெண்டாவது என்னை."

"குடுக்கட்டுமா சார்?"

"ஏம்மா என்கிட்ட கேக்கறே? குடுக்கறவ கேக்கமாட்டா. குடுக்கறதா இருந்தா இன்னிக்கே குடு. நாளைக்குக் கேட்டா, வேண்டாம்னுதான் சொல்வேன். எனக்கும் பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கறா."

அன்றைக்கு ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தேன். நோட்டு கைப்பையில் இருந்தது. வீட்டில் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால், ஆணியை உருவச் சொன்னேனே என்பார். மறுநாள் நான் சாரிடம் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. அறிக்கை கையெழுத்தாகிப் போய்விட்டது.

இரண்டு மாதம் கழித்து, கேட்டில் யாரோ என்னைத் தேடுவதாகக் காவலாளி சொல்லி அனுப்பினார். பெயர் தெரியாமல், நோட்டில் எழுதற அம்மா என்று கேட்டாராம். மல்லம்மா. வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றார். நான் பர்ஸைத் திறந்தேன். அவர் தலையை ஆட்டினார். அதற்காக வரவில்லை. காண்டிராக்டரின் மேஸ்திரி எல்லா இடத்திலும் சொல்லிவிட்டான், கல் தெரியாதவனின் ஆட்கள் என்று. குழுவை எந்தக் குவாரியிலும் சேர்த்துக்கொள்ளவில்லை. எல்லய்யாவின் தம்பி சுத்தியலை வைத்துவிட்டு ரிக்‌ஷா மிதிக்கிறான். அதைக்கூடத் தாங்கலாம், செத்தவனைக் கல் தெரியாதவன் என்கிறார்களே.

"நுவ்வு ராசுகுன்னவு கதமா" என்றார். நீ எழுதிக்கொண்டாய் அல்லவா அம்மா. அந்தக் காகிதத்தைக் கொடு, நான் மேஸ்திரி முகத்துக்கு நேரே காட்டுகிறேன்.

பிறகு, நான் கேட்காமலே, மீதியையும் சொன்னார். புளூபிரிண்ட் வந்த அன்று எல்லய்யா மேஸ்திரியிடம் சண்டை போட்டிருக்கிறார், மேல் இருக்கக் கீழே கை வைக்க முடியாது என்று. பெரிய ஆபீஸில் முடிவு பண்ணியது என்றிருக்கிறான் மேஸ்திரி. வேலையை விட்டுப் போய்விடலாம் என்று மல்லம்மா சொன்னாராம். எல்லய்யா யோசித்திருக்கிறார். அந்தப் பெண் எழுதிக்கொண்டு போனாள், போய்ச் சொல்லியிருப்பாள், சொன்ன பிறகும் இப்படிப் போடுகிறார்கள் என்றால் கல்லுக்குள் இரும்பு வைத்துப் பிடித்திருப்பார்கள், நமக்குத் தெரியாத ஏதாவது செய்திருப்பார்கள் என்றாராம். இருந்தாலும் மனசு கேட்காமல் மற்றவர்களைத் தூர அனுப்பிவிட்டு, தான் மட்டும் ஆப்பை எடுத்தாராம்.

கல்லுக்குள் இரும்பு. இருந்ததுதான், இரண்டு அங்குல ஸ்போக் கம்பி.

நான் மல்லம்மாவிடம் சொன்ன பதில் ஒரே வார்த்தை. சூஸ்தானு. பார்க்கிறேன். அரசு நிறுவனத்தில் சேர்ந்த இரண்டாம் வருஷத்திலேயே எல்லோரும் கற்றுக்கொள்கிற வார்த்தை. அவர் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

அதற்குப் பின் முப்பத்துநாலு வருஷம் வேலை பார்த்தேன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், விருந்தினர் மாளிகை, ஒரு கடிகாரக் கோபுரம். பதவி உயர்வும் வந்தது. மாடல் ரூமில் ஆணி என்ற பேச்சே கூடாது என்று வைத்தேன். பாறை, மரம், மேடு எல்லாம் வஜ்ஜிரம் போட்டு ஒட்டிவிடுவோம். இடத்தை மாற்ற வேண்டுமென்றால் உடைத்துத்தான் மாற்ற வேண்டும். புதிதாக வந்த பையன்கள் முணுமுணுப்பார்கள், வசந்தா மேடத்துக்குப் பாறை பைத்தியம் என்று. காரணம் கேட்டவர்களுக்குத் துல்லியம் என்று சொன்னேன். மூர்த்தி சார் அடுத்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். போகிற அன்று தீப்பெட்டியை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அதில் அரிசி பூச்சி விழுந்து மாவாகிவிட்டது. பெட்டி இருக்கிறது.

அந்த இடத்தில் கடைசியில் பன்னிரண்டு குடும்பத்துக் கட்டிடம் வரவில்லை. மேல்பாறையையும் உடைத்து ஜல்லியாக்கி, சாலைக்குப் போட்டார்கள். வேறு குழு வந்து உடைத்தது, மேலிருந்து கீழாக.

கல் வேலைக்காரர்களைப் பார்த்தால் நின்று விசாரிக்கிற பழக்கம் எனக்கு அப்போதிருந்து உண்டு. இத்தனை வருஷமாக ஒரு பதிலும் கிடைத்ததில்லை. ஸ்வாதியின் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வந்த வாரத்தில், பக்கத்து மனையில் சுற்றுச்சுவர் கட்ட வந்த ஒருவர் எல்லய்யா என்ற பெயரைக் கேட்டதும் சுத்தியலை இறக்கினார். ரிக்‌ஷா மிதித்த அந்தத் தம்பியின் மருமகனாம். மல்லம்மா ஆல்வாலில் மகளோடு இருக்கிறார், கண் கொஞ்சம் மங்கல், கை நன்றாக இருக்கிறது என்றார். அவரிடமிருந்து கருங்கல் சில்லுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சாப்பாட்டு மேஜையில் செய்துகொண்டிருக்கிறேன். அளவு ஐம்பதில் ஒன்று. பிளாஸ்டர் இல்லை, கல். ஒட்டுவதும் இல்லை, ஆணியும் இல்லை. கீழ்ப்பாறையை மண்ணில் பாதி புதைத்து, அதன்மேல் மேல்பாறை தன் கனத்தில் தானே உட்கார வேண்டும். கீழே இருப்பதை யார் எடுத்தாலும் மேலே இருப்பது விழ வேண்டும். எடுக்கிறவர் கண்ணெதிரே, கைமேலேயே விழ வேண்டும். ஸ்வாதியின் மேஜைக்கு அதைத்தான் கொண்டுபோகப் போகிறேன். இந்தக் கட்டுரையோடு, என் பெயரோடு, நோட்டுப் பக்கத்தின் நகலோடு. ஆனால் இன்னும் நிற்கவில்லை. ஐந்து தடவை அடுக்கினேன், ஐந்து தடவையும் உருண்டுவிட்டது. கடைசித் தடவை ஒரு முழு நாள் நின்றது, வாசலில் தண்ணீர் லாரி போனதும் விழுந்தது. என் நோட்டில் அளவுகள் எல்லாம் இருக்கின்றன. மடி எங்கே இருந்தது, எந்த இடத்தில் குழிந்து தாங்கியது என்பது மட்டும் இல்லை. அன்றைக்குக் கையை வைக்கச் சொன்னபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அந்தப் பாறையோடு மாதக்கணக்கில் குடியிருந்தவர்களில், எனக்குத் தெரிந்து, மிச்சம் இருப்பது மல்லம்மா ஒருவர்தான்.

சனிக்கிழமை ஆல்வாலுக்குப் போகிறேன். சில்லுகளைத் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன், அங்கே போய்த்தான் அடுக்க வேண்டும். கீழ்ப்பாறையை நான் வைப்பேன். மேல்பாறையை அவர் கையில் கொடுத்து, எங்கே உட்காரும் என்று கேட்க வேண்டும். ஆனால் அதை அப்புறம்தான் எடுக்க வேண்டும். முதலில் நோட்டின் அசல் பக்கத்தை அவர் கையில் கொடுத்து, எல்லய்யா சொன்னதை எல்லய்யா சொன்ன வார்த்தையிலேயே படிக்க வேண்டும். அதற்கடுத்து, யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் உட்காரச் சொன்னால், துணியை அவிழ்ப்பேன்.